ஏரியில் விழுந்த அயல் ஒளி

வானத்தின் நீலத்துக்குக் காரணம், நுண்ணிய துகள்கள் குற்றலை ஒளியை மிகுதியாகச் சிதறடிப்பதே என்று 1871-இல் ராலே என்னும் ஆங்கில அறிஞர் விளக்கினார். காற்றின் மூலக்கூறுகளே அதற்குப் போதுமென்பதை 1899-இல் நிறுவினார்.

அச்சிதறலே பிற்காலத்தில் ஓர் இடையூறாயிற்று. 1972 ஜூலையில் அமெரிக்கா ஏவிய, பின்னர் லாண்ட்சாட் எனப் பெயர்பெற்ற செயற்கைக்கோள், நிலத்தைச் சுமார் 80 மீட்டர்க் கட்டங்களாகப் படம்பிடித்தது. அகச்சிவப்பு ஒளியில் கருமையாகத் தோன்ற வேண்டிய தெளிந்த ஏரி சற்றே வெளுத்துத் தோன்றும். ஏன்?

காரணங்கள் இரண்டு. தரையைத் தொடாமலே காற்றில் சிதறிய கதிரொளி கருவியை அடைகிறது. படத்தின் மிகக் கரிய கட்டத்தின் அளவை எங்கும் கழித்து இதனை ஒருவாறு நீக்கலாம். மற்றொன்று, கரையிலுள்ள பயிரினின்று எழும் ஒளி காற்றில் திசைமாறி ஏரியின் கட்டத்திற் கலப்பது. இது அண்டைநிலத்திற்கேற்ப இடந்தோறும் மாறுமாதலால், ஒரே அளவைக் கழித்தால் தீராது. 1979-இல் ஆட்டர்மனும் பிரேசரும், 1981-இல் தான்ரே முதலிய பிரெஞ்சு அறிஞரும் இக்கலப்பைக் கணக்கிட வழி வகுத்தனர். 1997-இல் வெளியான ‘6எஸ்’ என்னும் கணிப்பு முறையும் அதனைச் சேர்த்துக்கொண்டது.

இது வீண் நுணுக்கமன்று. கரைப்பயிரின் ஒளியை நீர்ப்பாசியென்று கொண்டால், தெளிந்த ஏரியும் மாசுற்றதென்று முடிவாகிவிடும். ஆகவே, ஒரு பொருளை அளப்பவர் அதன் அயலையும் அளந்தறிதல் வேண்டும்.