சின்னம்மையும் இரத்தப் புற்றுநோயும்

இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் உடலுக்குக் காவலாய் நிற்பவை. இரத்தப் புற்றுநோயிலோ அவையே முதிராமல் பெருகி, காவற்பணியைக் கைவிட்டு, உடலை வருத்துகின்றன. வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

1948ஆம் ஆண்டில் பாஸ்டன் நகர மருத்துவர் சிட்னி ஃபார்பர், இந்நோய் கண்ட 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் என்னும் மருந்தைக் கொடுத்து, 10 பேருக்குத் தற்காலிகத் தணிவு கண்டதை வெளியிட்டார். அம்மருந்தை ஆக்கிய ஆய்வுக்கூடத்தின் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லப்பிரகட சுப்பாராவ் ஆவார். 1953இல் கெர்ட்ரூட் எலியன், ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் ஆகியோர் கண்ட மெர்காப்டோபியூரினும் புழக்கத்திற்கு வந்தது. பின்னர்ப் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை வளர, குழந்தைகள் பிழைத்துப் பள்ளிக்கும் திரும்பினர்.

அப்போதுதான் மற்றோர் இடர் தலைகாட்டிற்று. மருந்துகள் நோயணுக்களோடு நல்ல அணுக்களையும் குறைத்தன. ஏனைய பிள்ளைகளுக்குச் சில நாளில் ஆறிவிடும் சின்னம்மை வைரஸ், இவர்களுடைய நுரையீரல், ஈரல், மூளை ஆகியவற்றில் பரவி உயிரையே பறித்தது. புற்றுநோயை வென்ற பிள்ளை, உடன் பயிலும் பிள்ளையின் சின்னம்மையால் மாள நேர்ந்தது.

இதற்கு மாற்றுத் தேடும் முயற்சி தொடர்ந்தது. அக்கியிலிருந்து தேறியோரின் இரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்புப் பொருளை, தொற்று நேர்ந்தவுடன் செலுத்தினால் சின்னம்மையைத் தடுக்கலாம் என 1969இல் அமெரிக்க மருத்துவர்கள் காட்டினர். 1974இல் ஜப்பானின் மிச்சியாக்கி தக்காஹாஷி, வலிமை குறைத்த வைரஸைக் கொண்டு தடுப்பூசி கண்டார். முன்பு புற்றுநோய்க்கு மருந்து தந்த எலியனின் குழுவே, இவ்வைரஸை அடக்கும் அசைக்ளோவிரையும் தந்தது. 1988இல் அவ்வம்மையார் நோபல் பரிசு பெற்றோருள் ஒருவரானார்.

ஆயினும், உயிருள்ள வைரஸ் அடங்கிய அத்தடுப்பூசியைச் சிகிச்சையிலிருக்கும் பிள்ளைக்குப் பொதுவாகப் போடுவதில்லை. எனவே, உடன்பிறந்தாரும் பள்ளித் தோழரும் போட்டுக்கொள்ளும் ஊசியே அப்பிள்ளைக்கு வேலியாகிறது.

இன்னொன்றும் ஆசிரியர்கள் கருதத்தக்கது. கொப்புளம் தோன்றுவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னரே சின்னம்மை தொற்றத் தொடங்கும். எதிர்ப்புப் பொருளையோ விரைந்து செலுத்துதல் வேண்டும். அம்மை கண்ட வீட்டு வாயிலில் வேப்பிலை செருகுவது நம்மவர் வழக்கம். அஃது ஊராருக்கு ஓர் அறிவிப்புமாம். வகுப்பில் ஒருவருக்குச் சின்னம்மை கண்டால், சிகிச்சையிலிருக்கும் பிள்ளையின் பெற்றோருக்கு அன்றே செய்தி எட்டச் செய்வது பள்ளியின் கடமையாகும்.