மெட்ராஸ் வழியாக வந்த இங்கிலீஷ் ஊர்

ஹைதராபாத்துக்கு விருந்தாளி வந்தால் எங்க ராமச்சந்திராபுரத்துக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே ரூட்தான். கோல்கொண்டா, சார்மினார், சாலார்ஜங், திரும்பும்போது பிரியாணி. முடிஞ்சது. வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தங்கள்தான் சும்மா இருக்க மாட்டார்கள். "இங்கிலாந்தில் பழைய வீட்டை எல்லாம் டிக்கெட் போட்டுக் காட்டுறான், கால்வாயில் படகு விடுறான். இங்கே அந்த மாதிரி ஒண்ணும் இல்லையா?" என்பார்கள். ஏன் இல்லை? முழுசா ஒரு இங்கிலீஷ் ஊரே இருக்கு. லிங்கம்பள்ளியில் எம்.எம்.டி.எஸ். ஏறினால் நேரே அங்கேதான் கொண்டுபோய் விடும்.

செகந்திராபாத்தைத்தான் சொல்கிறேன். 1798ல் நிஜாமும் கும்பினியும் போட்ட ஒப்பந்தப்படி ஹுசேன் சாகருக்கு வடக்கே பட்டாளம் வந்து கூடாரம் அடித்தது. 1806ல் அந்த இடத்துக்கு மூன்றாம் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பேரை வைத்தார்கள். ஏரி மட்டும் வெள்ளைக்காரன் வெட்டியது இல்லை. அது குதுப்ஷாஹி காலத்தது, 1560கள். 1591ல் பிறந்த ஹைதராபாத்துக்கே அக்கா. அதில் வந்து விழுகிற நாலாக்களும் நாலு: குக்கட்பல்லி, பிக்கெட், பஞ்சாரா, பல்காபூர். இன்றைக்கு அவற்றில் ஓடுவதைத் தண்ணீர் என்றால் தண்ணீருக்கே கோபம் வரும். படகு சவாரியை ஏரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பட்டாளம் எங்கிருந்து வந்தது தெரியுமோ? மெட்ராஸ் ஆர்மி! பட்டாளம் என்றால் துப்பாக்கி மட்டுமா வரும்? அரிசி மூட்டைக்கு வியாபாரி, கட்டடத்துக்குக் காண்டிராக்டர், கணக்கு எழுத, சமைக்க, துவைக்க என்று பின்னாலேயே ஒரு கூட்டம். அதில் நம்ம ஆட்களும் நிறைய. ராமச்சந்திராபுரத்தில் இருக்கும் எங்களில் பலருக்குத் தமிழர் இங்கே வந்த கதையே 1960களில் பி.ஹெச்.இ.எல். வந்த பிறகுதான் ஆரம்பம் என்று நினைப்பு. அதற்கு நூறு வருஷம் முன்னாலேயே, 1862ல், செகந்திராபாத்தில் சோமசுந்தரம் முதலியார் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டார். அதுதான் பின்னாளில் மெஹபூப் காலேஜ். சிகாகோ போவதற்கு முன்னால், 1893 பிப்ரவரி 13ஆம் தேதி, விவேகானந்தர் மேடையேறிப் பேசியது அங்கேதான். அவரும் மெட்ராசிலிருந்து ரயிலேறி வந்தவர்தான்!

ஸ்கந்தகிரி முருகன் கோயிலுக்குப் போகாத ஹைதராபாத் தமிழர் இருக்க முடியாது. அந்தப் பகுதிக்குப் பழைய பேர் வாக்கர் டவுன். அப்புறம் பத்மாராவ் முதலியார் பேரில் பத்மாராவ் நகர் ஆனது. வெள்ளைக்காரன் பேரை எடுத்துவிட்டு நம்மவர் பேரை வைத்த இடம். கைகூப்பிவிட்டு வரும்போது பிள்ளைகளிடம் இதையும் சொல்லலாம்.

பேகம்பேட்டில் ரொனால்ட் ராஸ் வேலை பார்த்த கட்டடம் இருக்கிறது. 1897 ஆகஸ்ட் 20ஆம் தேதி, கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியை அவர் கண்டுபிடித்தது இங்கேதான். அதே வருஷம் ஊட்டிப் பக்கம் சீகூர் மலைச்சரிவில் மலேரியாவை ஆராயப் போய், தனக்கே அதை வாங்கிக்கொண்டு திரும்பிய மனுஷர்.

எனக்கு எல்லாவற்றிலும் மனசை என்னவோ செய்வது கோட்டி ரெசிடென்சிதான். மியாப்பூரில் மெட்ரோ பிடித்து உஸ்மானியா மெடிக்கல் காலேஜ் நிலையத்தில் இறங்கினால் பக்கம். (பெண்கள் படிக்கும் வளாகம், முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொண்டு போங்கள்.) மெட்ராஸ் எஞ்சினியர்ஸைச் சேர்ந்த சாமுவேல் ரஸ்ஸல் போட்ட பிளான். உயர உயரமாகத் தூண்கள், வாசலில் சிங்கங்கள். கட்டச் சொன்னவர் ரெசிடென்ட் ஜேம்ஸ் கிர்க்பாட்ரிக். மனைவி கைருன்னிசா, ஹைதராபாத்தின் பெரிய குடும்பத்துப் பெண். கோஷா. அதனால் அவளுக்கென்று பின்கட்டில் தனி மாளிகை. முன்பக்கம் வந்து பார்க்க முடியாதவளுக்காக மொத்தக் கட்டடத்தையும் சின்னதாக மாடல் செய்து தோட்டத்தில் வைத்தார் என்று சொல்வார்கள். அந்த மாடல் இன்னும் இருக்கிறது.

இரண்டு குழந்தைகள். 1805ல் பையனுக்கு நாலு வயசு, பெண்ணுக்கு மூணு. படிப்புக்காகச் சீமைக்கு அனுப்பினார் அப்பா. மெட்ராசில் ஜார்ஜ் சின்னரி இருவரையும் படம் வரைந்தார். அங்கேயே கப்பல் ஏற்றினார்கள். அதே வருஷம் அக்டோபரில் கிர்க்பாட்ரிக் கல்கத்தாவில் இறந்துபோனார். கைருன்னிசா 1813 வரை இருந்தாள். பிள்ளைகளை மறுபடி பார்க்கவே இல்லை.

சாஹிப் பேகம் என்று கூப்பிட்ட அந்தப் பெண் லண்டனில் ஞானஸ்நானம் ஆகி கேத்தரின், செல்லமாகக் கிட்டி ஆனாள். கல்யாணம் ஆகி, டெவனில் கடலோர ஊரான டார்க்கீயில் வாழ்ந்தாள். பல வருஷம் கழித்து, அப்பாவிடம் உதவியாளராக இருந்த ஹென்றி ரஸ்ஸலின் வீட்டுக்குப் போனவள், சுவரில் அந்த மெட்ராஸ் படத்தைப் பார்த்துத் தன்னைத் தானே கண்டுகொண்டாள். ஹைதராபாத்தில் பாட்டி ஷரஃபுன்னிசா உயிரோடு இருப்பதும் தெரிய வந்தது.

1841ல் கடிதம் போட்டாள். பேத்திக்குப் பாரசீகம் மறந்தே போயிருந்தது. பாட்டிக்கு இங்கிலீஷ் தெரியாது. பாட்டி சொல்லச் சொல்ல ஒருவர் பாரசீகத்தில் எழுத, அதை இன்னொருவர் இங்கிலீஷில் மாற்ற, அது கப்பலில் போக... நம்ம வீட்டில் வீடியோ கால் நடக்கும்போது பாட்டி தமிழில் கேட்பதைப் பேரனுக்கு நாம் இங்கிலீஷில் சொல்கிறோமே, கிட்டத்தட்ட அதேதான். 1847ல் பாட்டி இறக்கும் வரை ஆறு வருஷம் இப்படியே எழுதிக்கொண்டார்கள். கிட்டி 1889 வரை டார்க்கீயில் இருந்தாள். ஹைதராபாத்துக்குத் திரும்பி வரவே இல்லை.