கல்லில் வெட்டிய படுக்கையும் கைத்தொழில் தர்மமும்



"சித்தன்னவாசலைப் பற்றி ஏதாவது எழுதிக் கொடுங்க" என்று மலர்க்குழுவினர் கேட்டார்கள். தாமரைக் குளத்து ஓவியத்தைப் பற்றி எல்லோரும் எழுதியாயிற்று. நம் முன்னாள் மாணவர் வீடுகளில் இன்று பிசியோதெரபி படிக்கும் பிள்ளைகள் நிறைய. அவர்களை மனதில் வைத்து இந்த மலையைக் கொஞ்சம் வேறு விதமாகப் பார்க்கலாமே என்று தோன்றியது.

புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் போகும் வழியில் சுமார் 16 கி.மீ. தூரத்தில் இருக்கிறது இந்த மலை. அதன் மேலே உள்ள ஏழடிப்பட்டத்தில் சமண முனிவர்களுக்காக வெட்டிய 17 கற்படுக்கைகள் உண்டு. தலையணைக்கு மேடு விட்டு, பளபளவென்று இழைத்திருக்கிறார்கள். அதில் ஒரு படுக்கையில் சுமார் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான தமிழ் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. எருமைநாட்டில் பிறந்த ஒருவருக்கு, சிறுபோசில் ஊர் இளயர் செய்து கொடுத்த இருக்கை என்பது அதன் செய்தி. எருமைநாடு என்பது இன்றைய மைசூர்ப் பக்கம். எங்கிருந்தோ வந்தவர், உண்ணாநோன்பால் மெலிந்த உடம்பு. அந்த உடம்புக்குத் தக்கபடி கல்லை வளைத்தார்களே தவிர, கல்லுக்குத் தக்கபடி உடம்பை வளைக்கவில்லை!

கீழே உள்ள அறிவர் கோயிலில் இன்னொரு பாடம். 9-ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் இதைப் புதுப்பித்தார். உள்மண்டபத்தைப் பழுது பார்த்ததையும், முகமண்டபத்தைப் புதிதாக எடுத்ததையும் தனித்தனியே பாறையில் பொறித்து வைத்தார். எது பழசு, எது என் வேலை என்று ஒளிக்காமல் எழுதி வைப்பதுதான் தொழில் நேர்மை. நோயாளியின் கேஸ் ஷீட்டும் அப்படித்தான். செய்யாத பயிற்சியைச் செய்ததாக எழுதக் கூடாது.

சொந்த அனுபவம் ஒன்று. என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது, ஒரு மருத்துவமனையில் பயிற்சிக்கு வந்திருந்த மாணவர் ஒரு வார்த்தை கேட்காமல் செயலிழந்த கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். பக்கவாதத்தில் தோள்மூட்டைப் பிடித்திருக்கும் தசைகள் தளர்ந்து போகும். இழுத்தால் மூட்டு நழுவும். போல்ட் தளர்ந்த இணைப்பில் பாரம் ஏற்றுகிற கதைதான். அப்பா பல நாள் வலியில் துடித்தார். மறு வாரம் வந்த மாணவி, "ஐயா, தோளுக்கடியில் கை கொடுத்துத் தூக்கட்டுமா? வலிச்சா உடனே சொல்லுங்க" என்றார். இருவரும் ஒரே பாடப் புத்தகம் படித்தவர்கள்தான்!

வேலூர் சி.எம்.சி.யில் பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸை அனைவரும் அறிய வேண்டும். 1954-இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்து, அத்துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையம் பிறந்தது. பிறர் தூக்கி வைக்கும்போது உடம்புக்கு எப்படி இருக்கும் என்பதைத் தம் உடம்பாலேயே அறிந்த மருத்துவர் அவர்.

2021-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய ஆணையச் சட்டம், பிசியோதெரபி உள்ளிட்ட சுகாதாரத் தொழில்களுக்குப் பதிவேடும் நடத்தை நெறியும் வேண்டும் என்கிறது. நல்லதுதான். ஆனால் திரைக்குப் பின்னால் நோயாளியும் நீங்களும் மட்டும் இருக்கும்போது எந்த ஆணையமும் எட்டிப் பார்க்காது.

ஆகவே, தம்பி தங்கைகளே, தொடுமுன் கேளுங்கள். தெரியாததைத் தெரியாது என்று மூத்தவரிடம் சொல்லுங்கள். "பத்தே நாளில் நடக்க வைக்கிறேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். செய்ததை மட்டும் எழுதுங்கள். பட்டம் வாங்கிய பிறகு பழகிக் கொள்ளலாம் என்று இருந்து விடாதீர்கள். முதல் நோயாளியின் கையைத் தொடும் அன்றே நீங்கள் தொழிலுக்கு வந்தாயிற்று.