பதிவேடும் பற்றேடும்
தோட்ட மருத்துவத்தின் செலவைச் சுமந்தோர் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1927ஆம் ஆண்டில் இலங்கைச் சட்ட நிரூபண சபை நிறைவேற்றிய கட்டளைச் சட்டங்களுள் இரண்டு அடுத்தடுத்த இலக்கங்களைப் பெற்றன. 26ஆம் இலக்கச் சட்டம் மருத்துவக் கட்டளைச் சட்டமாகும். 27ஆம் இலக்கச் சட்டம் இந்தியத் தொழிலாளர் குறைந்தபட்ச வேதனக் கட்டளைச் சட்டமாகும். முன்னதை மருத்துவ வரலாற்றாசிரியரும் பின்னதைத் தொழிலாளர் வரலாற்றாசிரியரும் தத்தம் துறைக்குரியதாகப் பிரித்தெடுத்துக்கொண்டனர். எனினும், நுவரெலியா முதல் மஸ்கெலியா வரையான தோட்டங்களை மனத்திற்கொண்டு நோக்குமிடத்து, இவ்விரண்டும் ஒரே வினாவின் இரு பக்கங்கள் என்பது புலனாகும். நோய் தீர்ப்போரின் தகுதிக்கும் ஒழுங்குக்கும் ஆகும் செலவை யார் கொடுப்பது என்பதே அவ்வினா.

மருத்துவத் தொழிலினரின் பதிவுக் கட்டணம் உயர்த்தப்படும்போதெல்லாம் எழும் விவாதம் இன்று நேற்று உருவானதன்று. 1858ஆம் ஆண்டின் பிரித்தானிய மருத்துவச் சட்டம் பதிவேட்டை நிறுவியபோதே அதற்கான கட்டணத்தின் மேலெல்லையையும் வகுத்தது. 1859 ஜனவரி முதலாந் திகதிக்கு முன்னர் தகுதி பெற்றோருக்கு இரண்டு பவுண், அதன் பின்னர் தகுதி பெறுவோருக்கு ஐந்து பவுண். பதிவேட்டின் செலவைப் பதிவு பெறுவோரே ஏற்க வேண்டும் என்னும் கொள்கை அன்று வேரூன்றியது. போலி மருத்துவரிடமிருந்து பொதுமக்களைக் காப்பதே நோக்கம் எனக் கூறப்பட்டது. அது பொய்யன்று, ஆனால் முழு உண்மையுமன்று. பதிவேடு தொழிலுக்கு ஒரு வேலியும் ஆயிற்று.

இங்கு ஒரு வேறுபாட்டைக் கவனித்தல் வேண்டும். சொந்தமாகத் தொழில் செய்யும் மருத்துவர், உயர்ந்த கட்டணத்தை நோயாளியிடமிருந்து மீட்டுக்கொள்ளலாம். மாதச் சம்பளம் பெறும் தாதிக்கோ மருத்துவச்சிக்கோ அவ்வழி இல்லை. பிரித்தானியத் தாதியர், மருத்துவச்சிகள் சபையின் ஆண்டுக் கட்டணம் 2013இல் நூறு பவுணாகவும் 2015இல் நூற்றிருபது பவுணாகவும் உயர்த்தப்பட்ட காலத்தில் எழுந்த எதிர்ப்பின் சாரமும் இதுவே. ஒரே கட்டணம் ஒருவருக்குத் தொழிற்செலவாகவும் மற்றொருவருக்குச் சம்பள வெட்டாகவும் அமைகின்றது.

மலையகத் தோட்டங்களில் இவ்விரு நிலைகளிலும் சேராத மூன்றாவது நிலை ஒன்று தோன்றியது. அதனை விளங்கிக்கொள்ள அரை நூற்றாண்டு பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

தென்னிந்தியாவிலிருந்து மன்னார் வழியாக மாத்தளை நோக்கி நடந்து வந்த கோப்பிக்காலத் தொழிலாளர் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மாண்டனர். தோட்டத்தை அடைந்தோரின் நிலையும் பெரிதும் மேம்பட்டதாக இருக்கவில்லை. இவ்விறப்புகள் குறித்து இந்திய அரசாங்கமும் குடியேற்ற நாட்டு அலுவலகமும் வினவத் தொடங்கிய பின்னரே, தேசாதிபதி கிரகரியின் காலத்தில், 1872ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. பெருந்தோட்டப் பகுதிகள் மருத்துவ மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டன. அவற்றை நடத்தும் பொறுப்பில் துரைமாருக்கே பெரும் பங்கு அளிக்கப்பட்டது. செலவைத் தருவோரே செலவைத் தீர்மானிப்போராகவும் இருந்தமையால் விளைந்தது என்னவென்பதை ஊகித்தல் கடினமன்று. ஏற்பாடு தளர்ந்தது. 1880ஆம் ஆண்டின் சட்டம் பொறுப்பை அரசாங்கத்தின் கையில் வைத்தது. அதனையடுத்துத் தோட்ட விளைபொருள்களின் ஏற்றுமதி மீது வரி விதிக்கப்பட்டு, தோட்ட மருத்துவத்துக்கான நிதி அதிலிருந்து பெறப்பட்டது.

‘நாங்கள் வரி கொடுக்கின்றோம்’ என்னும் துரைமாரின் வாதம் இதன் பின்னர் ஓயவேயில்லை. வரியைச் செலுத்தியவர் யார் என்பது ஒன்று. அதன் பாரத்தைச் சுமந்தவர் யார் என்பது வேறொன்று. தேயிலையின் விலை இலண்டன் மின்சிங் லேன் ஏல மண்டபத்தில் தீர்மானிக்கப்பட்டது. வரிக்காக விலையைக் கூட்டிக் கேட்க டிக்கோயாவின் தோட்டக்காரருக்கு வலிமை இருக்கவில்லை. கப்பற்கூலி, இயந்திரம், தேயிலைப் பெட்டி ஆகியவற்றின் விலைகளும் அவர் கையில் இல்லை. அவர் கையில் இருந்தது கூலி ஒன்றே. ஆகவே அப்பாரத்தின் பெரும் பகுதி கங்காணியின் பற்றேட்டில் ஏற்கெனவே கடன்பட்டிருந்தவர்களின் மீதே இறங்கியது எனக் கொள்வதில் தவறில்லை என்பது எமது கருத்து. எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ‘மருத்துவ வரிக்காகக் கூலியில் கழித்தது’ என்றொரு வரி எழுதப்பட்டிராது. உயராத கூலிக்கு அத்தகைய பதிவு தேவைப்படுவதில்லை.

1912இல் புதிய வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டமும் (இலக்கம் 9) நோய்கள் (தொழிலாளர்) கட்டளைச் சட்டமும் (இலக்கம் 10) நடைமுறைக்கு வந்தன. பிரசவித்த பெண்ணுக்கு ஒரு மாத காலம் உணவும் இருப்பிடமும் வழங்குதல் தோட்ட அத்தியட்சகரின் கடமையாக்கப்பட்டது. சொந்தமாக மருத்துவ வசதியை ஏற்படுத்தும் தோட்டங்களுக்கு ஏற்றுமதி வரியில் ஒரு பகுதி திருப்பித் தரப்பட்டது. இவ்வரிக் கழிவு வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்தது. தோட்டத்து டிஸ்பென்சரி பெருகியமைக்கும் அதனுள் அமர்ந்த டிஸ்பென்சர் என்னும் மனிதர் நிலைபெற்றமைக்கும் இது முக்கிய காரணமாயிற்று.

லயத்தினர் அவரை ‘டாக்டரையா’ என்றே அழைத்தனர். சட்டம் அவரை அவ்வாறு அழைக்கவில்லை. அவர் தோட்டத்தின் சம்பளக்காரர். துரையால் நியமிக்கப்பட்டு, துரையால் நீக்கப்படத்தக்கவர். காலையில் பெரட்டுக்கு வராத தொழிலாளி நோயாளியா, சோம்பேறியா என்பதை முதலில் தீர்மானித்தவர் அவரே. அவருடைய ஒரு சொல்லில் ஒரு நாட் பேர் தங்கியிருந்தது. மருந்து கொடுக்கும் கையே வேலைக்கு விரட்டும் கையாகவும் இருந்தது எனின் மிகையாகாது. அதேவேளை, மலைச்சரிவுகளில் மழையிலும் பனியிலும் நடந்து லயத்துக்கு லயம் சென்றவரும் அவரே என்பதை மறந்து அவரைக் குறைகூறுதல் நியாயமன்று. 1916இல் ரொக்பெல்லர் நிறுவனம் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. லயங்களுக்கு மலசலகூடம் கட்டும் செலவுக்குத் தோட்ட நிருவாகங்கள் தயங்கியமையால், மருந்துண்டு குணமானவர் மீண்டும் அதே மண்ணில் வெறுங்காலுடன் நடந்து நோயைப் பெற்றுக்கொண்டார்.

1927ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கச் சட்டம் இச்சூழலிலேயே வந்தது. மருத்துவர், மருத்துவச்சி, மருந்தாளர், தாதி எனத் தொழிலினரைத் தனித்தனிப் பதிவேடுகளில் அது நிறுத்தியது. பதிவுக்குத் தகுதிச் சான்றிதழும் விதிக்கப்பட்ட கட்டணமும் வேண்டும். கொழும்பில் இஃது ஒரு நிருவாக ஒழுங்கு மட்டுமே. தோட்டத்திலோ, பயிற்சி பெற்றவருக்குக் கூடுதற் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பதால், பயிற்சியற்றவரே மலிவானவர் என்னும் கணக்கு துரைமாருக்கு இருந்தது. பதிவின் பெறுமதி உயர உயர, பதிவற்றவரை வைத்திருப்பதன் இலாபமும் உயர்ந்தது. மேற்கூறிய மூன்றாவது நிலை இதுவே. இங்கு கட்டணம் நோயாளியிடமிருந்து மீட்கப்படவில்லை. தொழிலினரின் சம்பளத்திலிருந்தும் வெட்டப்படவில்லை. தகுதி வாய்ந்தவர் வராமையின் வடிவில் அதனை நோயாளி செலுத்தினார்.

அடுத்த இலக்கச் சட்டத்தின்படி 1929இல் நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி, உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். ஒரே மலையில் ஒரே கொழுந்தைப் பறித்த பெண்ணின் நாள் பதினொரு சதம் குறைவாக மதிக்கப்பட்டது. இக்கூலியிலிருந்து வெளி மருத்துவருக்குக் காசு கொடுக்க வழியில்லை. ஆகவே டிஸ்பென்சரியே ஒரே புகலிடம். அங்கு கிடைப்பதே மருத்துவம்.

மருத்துவச்சியின் கதை இன்னும் கூர்மையானது. லயத்தின் மூத்த பெண்ணொருத்தியே தலைமுறைகளாகப் பிரசவம் பார்த்து வந்தாள். அவளுக்குக் கிடைத்தது ஒரு சேலையோ, சிறிது அரிசியோ. பதிவேடு வந்த பின்னர் அவள் சட்டத்தின் கண்ணில் தகுதியற்றவளானாள். அது மருத்துவ நோக்கில் தேவையானதே. தாய் சேய் இறப்புகளின் கொடுமையை அறிந்தோர் அதை மறுக்கமாட்டார். ஆனால் அவளது இடத்துக்குப் பதிவுபெற்ற மருத்துவச்சி எல்லாத் தோட்டங்களுக்கும் ஒருங்கே வந்துவிடவில்லை. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்றுச் சகாயக் கட்டளைச் சட்டம் பணப்பயன் அளித்தது. பிரசவம் பார்க்கும் கையை அளிக்கவில்லை.

சுதந்திரத்தின் பின்னர் நாடெங்கும் இலவச மருத்துவ சேவை விரிந்தபோது, 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தினால் நாடற்றோராக்கப்பட்ட தோட்ட மக்கள் அதன் விளிம்பிலேயே நின்றனர். அவர்களது உடல்நலம் தோட்டத்தின் பொறுப்பு என அரசும், அரசின் பொறுப்பு எனத் தோட்டமும் கருதின. 1975இல் கம்பனித் தோட்டங்கள் தேசியமயமாக்கப்பட்டபோது முதலாளி மாறினார். டிஸ்பென்சரி பெரும்பாலும் இருந்தவாறே இருந்தது. 1973, 1974ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தில் தோட்டங்களில் நேர்ந்த மரணங்களை மருந்துப் பற்றாக்குறையின் விளைவாக மட்டும் காட்ட முயல்வது தவறு. அவை முதலில் பசியின் மரணங்கள்.

1992இல் தோட்டங்களின் நிருவாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. அதனையடுத்த காலத்தில் தோட்ட வைத்தியசாலைகள் சிலவற்றைச் சுகாதார அமைச்சு பொறுப்பேற்றது. அவற்றுக்கு மருத்துவ சபையின் பதிவிலக்கம் தாங்கிய வைத்தியர் வரலாயினர். இது நெடுங்காலக் கோரிக்கையின் பயன், வரவேற்கத்தக்கது. ஏனைய தோட்டங்களில், டிஸ்பென்சரின் வாரிசாகிய தோட்ட மருத்துவ உதவியாளரே தொடர்ந்தார். இவருட் பலர் பல்லாண்டு அனுபவமும் முறையான பதிவின்மையும் ஒருங்கே உடையவர்கள். பதிவுக் கட்டணம் கூடுமா, குறையுமா என்னும் விவாதத்தில் இவருக்கு இடமில்லை. பதிவுபெறும் தகுதியே அவருக்கு எட்டவில்லை. அவரிடம் கைக்குழந்தையோடு வரும் தாய்க்கோ, அரச வைத்தியசாலையில் அனைத்தும் இலவசம். அங்கு செல்வதற்கு முச்சக்கரவண்டிக் கூலியும் அன்றைய பேரும் மட்டுமே அவளுடைய செலவு.