தஞ்சோங் மாலிம் புகட்டும் பாடம்

ஆசிரியன் தன்னைத் தாழ்வாக எண்ணினால், அவன் கற்பிக்கும் மொழியும் மாணவர் கண்ணில் தாழ்ந்துவிடும். இவ்வுண்மைக்குச் சான்று தேடிக் கடல் கடக்க வேண்டுவதில்லை. பேராக் மாநிலத்தின் தென்கோடியிலுள்ள தஞ்சோங் மாலிம் என்னும் சிற்றூரின் வரலாறே போதும்.

1920ஆம் ஆண்டளவில் இந்நாட்டில் மலாய்க் கிராமத்து ஆசிரியரும் தமிழ்த் தோட்டத்து ஆசிரியரும் ஏறத்தாழ ஒரே படியில் நின்றனர். உயர்கல்விக்கும் உத்தியோகத்துக்கும் ஆங்கிலப் பள்ளியே வாயில். தாய்மொழிப் பள்ளியோ சில ஆண்டுகளில் முடிந்துவிடும். மீனவன் மகன் சற்றுத் தேர்ந்த மீனவனாகவும், உழவன் மகன் சற்றுத் தேர்ந்த உழவனாகவும் ஆனால் போதும் என்பதே ஆட்சியாளர் கருத்து. 1920ஆம் ஆண்டின் அரசாங்க அறிக்கையிலேயே இதனை வெளிப்படையாக எழுதினர். மலாய்க் கல்விக்குப் பொறுப்பேற்றிருந்த வின்ஸ்டெட், சாவகத்தையும் பிலிப்பைன்சையும் பார்த்துவந்து 1917இல் அளித்த அறிக்கை, கூடை முடைதலையும் தோட்ட வேலையையும் பள்ளிப் பாடங்களாக வற்புறுத்தியது. தம் மொழிக்கு இதற்குமேல் தகுதியில்லை என்று நாள்தோறும் உணர்த்தப்பட்ட ஆசிரியர், மாணவர்க்கு எந்த ஊக்கத்தை ஊட்டியிருக்க முடியும்?

ஆயினும் அந்த அறிக்கையிலேயே ஒரு நல்ல வித்தும் இருந்தது. சிறு பயிற்சிக் கல்லூரிகளுக்கு ஈடாக நடுவண் கல்லூரி ஒன்று வேண்டும் என்று அது கூறிற்று. அதன்படி மலாக்கா, மாத்தாங் கல்லூரிகள் மூடப்பெற்று, 1922 நவம்பரில் தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி திறக்கப்பெற்றது. பயிற்சிக் காலம் மூன்றாண்டு. வெவ்வேறு மாநிலத்துக் கிராமங்களிலிருந்து வந்த இளைஞர் ஒரே விடுதியில் உண்டு உறங்கிப் பயின்றனர். தனித்தனியே ஒடுங்கியிருந்தவர்கள், தம்மைப்போல் பலர் உளர் என்பதை அங்கேதான் கண்டனர்.

முதல்வராக 1936 வரை இருந்தவர் டூசெக். ஆங்கிலேயராயினும் மலாய் மொழியை நன்கறிந்தவர். தம் மாணவரின் மொழியையும் பண்பையும் மதித்தவர். மேலிருப்பவர் காட்டும் மதிப்பு கீழிருப்பவரின் முதுகெலும்பை நிமிர்த்தும் என்பதற்கு அவர் ஓர் எடுத்துக்காட்டு.

மதிப்பு மட்டும் போதுமா? கையில் நூல் வேண்டாவா? 1924இல் மொழிபெயர்ப்பு அலுவலகம் அக்கல்லூரிக்கு வந்தது. ‘ஸாபா’ என்று நாடறிந்த ஸைனல் அபிடின் அகமட் அதன் உயிராக விளங்கினார். பள்ளிப் பாடநூல்கள் அவர் மேற்பார்வையில் மலாயில் உருவாயின. வரலாறு கற்பித்த அப்துல் ஹாடி ஹாஜி ஹசான், மலாய் உலகின் வரலாற்றைப் பாடநூலாகவே எழுதினார். தம் மொழியில், தம்மவர் ஒருவர் எழுதிய நூலைக் கையிலேந்தி வகுப்பில் நின்ற ஆசிரியரின் குரல் முன்போல் தாழ்ந்திருக்குமா?

அதே 1924இல் மலாய் ஆசிரியர் சங்கங்கள் ‘மஜாலா குரு’ என்னும் திங்களிதழைத் தொடங்கின. நூல் படித்தவர்கள் எழுதவும் தலைப்பட்டனர். நாவலாசிரியர் ஹாருன் அமினுர்ரஷிட், 1938இல் இளைய மலாய்க்காரர் சங்கத்தை நிறுவிய இப்ராகிம் யாக்கோப் ஆகியோர் இக்கல்லூரியின் மாணவர்களே. 1950இல் சிங்கப்பூரில் தோன்றிய ‘அங்காத்தான் சஸ்தெராவான் 50’ என்னும் எழுத்தாளர் இயக்கத்திலும் பள்ளி ஆசிரியர் பலர் முன்னின்றனர்.

இக்கல்லூரியில் குறைகளும் இருந்தன. கூடை முடைதல் நீங்கவில்லை. உயர் உத்தியோகக் கதவும் திறக்கவில்லை. பெண்களுக்கான கல்லூரி 1935இல்தான் மலாக்காவில் அமைந்தது. எனினும் சிறுமைப்படுத்த வகுத்த திட்டத்துக்குள்ளேயே ஆசிரியர் பெருமையைத் தேடிக்கொண்டனர் என்பதே இங்குக் கருதத்தக்கது.

இனித் தமிழ்ப் பள்ளியைப் பார்ப்போம். ஏழு முதல் பதினான்கு வயதுவரையுள்ள பிள்ளைகள் பத்துப்பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. பள்ளி வந்தது; பயிற்சி பெற்ற ஆசிரியர் வரவில்லை. பல தோட்டங்களில் கங்காணியோ, கிராணியோ, எழுத்தறிந்த தொழிலாளியோ பாடம் சொன்னார். அவர் தோட்ட நிர்வாகத்தின் தயவில் வாழ்ந்தவர். கையிலிருந்த பாடநூல் தமிழகத்திலிருந்து வந்தது. காவிரியைச் சொல்லிற்று, பிள்ளை கண்ட பேராக் ஆற்றைச் சொல்லவில்லை. தஞ்சோங் மாலிம் போன்ற ஒரு கல்லூரி அவருக்கு அந்நாளில் கிட்டவில்லை. ஆகவே தமிழாசிரியர் ஊக்கமற்றவர் என்று பழித்தல் நேர்மையன்று. கூடிப் பயிலும் இடமும், தம் மண்ணைப் பேசும் நூலும், மதிக்கும் தலைமையும் அவருக்கு மறுக்கப்பட்டன. இவையின்றியும் ஓலைக் கொட்டகையிலிருந்து கவிஞரையும் கதாசிரியரையும் அவர் உருவாக்கினார் என்றால் அது வியக்கத்தக்கதன்றோ!

தஞ்சோங் மாலிம் கல்லூரி 1997இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. இன்று அங்கே தமிழ்மொழிக் கல்வியும் பட்டப் படிப்பாக உள்ளது. அன்று கிட்டாத இடம் இன்று கிட்டியுள்ளது. எஞ்சிய இரண்டும் நம் பள்ளிகளிலேயே உள்ளன. புதிதாக வந்த ஆசிரியர் எழுதிய பாடத்தைத் தலைமையாசிரியர் படித்துப் பாராட்டட்டும். ஊர் வரலாற்றை ஆசிரியர்கள் கூடி மாணவர்க்கு நூலாக்கட்டும். தன்னம்பிக்கை கொள்க என்று ஆசிரியருக்கு அறிவுரை கூறுவது எளிது. அதற்கு வேண்டியவற்றை அவர் கையில் கொடுப்பதே கடமை.