நிலம் கொடுத்தவரும் நுகர்வோரே

இந்தியாவில் 1986-ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, ‘சேவை’ என்பதற்கு அது தந்த வரையறையில் வீடு கட்டுவது இடம்பெறவில்லை. சொன்ன தேதியில் சாவி கிடைக்காதவருக்கும், பிளானில் ஒன்றும் கட்டடத்தில் வேறொன்றுமாகப் பார்த்தவருக்கும் சிவில் நீதிமன்றமே கதி. வழக்கு ஆண்டுக்கணக்கில் நீளும். வாடகையும் வங்கித் தவணையும் அதற்காகக் காத்திருப்பதில்லை.

1993-ல் அந்த வரையறையில் வீட்டுக் கட்டுமானம் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில், அரசு அமைப்பே வீடு தந்தாலும் அது சேவைதான் என்றது உச்ச நீதிமன்றம். அலைக்கழித்ததற்கான இழப்பீட்டைப் பொதுப்பணத்தில் கழிக்காமல், தவறு செய்த அதிகாரிகளிடமே வசூலிக்க வேண்டும் என்றும் சொன்னது. அந்தத் தீர்ப்பின் உயிர்நாடியே இந்தப் பகுதிதான்.

வீடு வாங்கியவருக்கு இப்படி வழி பிறந்தது. ஆனால் பில்டரிடம் நிலத்தைக் கொடுத்தவர் வெளியிலேயே நின்றார். பழைய வீட்டை இடித்துவிட்டு அடுக்ககம் கட்டுவது, ஆளுக்குச் சில தளங்கள் எடுத்துக்கொள்வது என்ற ‘ஜாயின்ட் வென்ச்சர்’ (கூட்டுத்தொழில்) ஏற்பாடு பெருநகரங்களில் பரவியிருந்தது. டெல்லி கைலாஷ் காலனியில் ஒரு நில உரிமையாளர் 1991-ல் அப்படிக் கையெழுத்திட்டார். மேல் தரைத்தளமும் 8 லட்சம் ரூபாயும் அவருக்கு, மற்ற தளங்கள் பில்டருக்கு. அனுமதித்த வரைபடத்தை மீறிக் கட்டினார்கள், கட்டட நிறைவுச் சான்றிதழும் தரவில்லை என்று அவர் முறையிட்டார். கூட்டுத்தொழில் செய்தவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்று மாவட்ட நுகர்வோர் மன்றம் முதல் தேசிய நுகர்வோர் ஆணையம் வரை கைவிரித்தன.

2008 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இதை மாற்றியது. கூட்டுத்தொழில் என்றால் நிர்வாகத்தில் இருவருக்கும் பிடி இருக்க வேண்டும், லாப நட்டத்தில் இருவருக்கும் பங்கு இருக்க வேண்டும். இங்கே உரிமையாளருக்கு இரண்டும் இல்லை. நிலத்தில் ஒரு பங்கைக் கொடுத்துத் தனக்கு வீடு கட்டி வாங்குகிறார், அவ்வளவுதான். பத்திரத்தின் தலைப்பு எதுவானாலும் அவர் நுகர்வோரே என்று முடிவானது. காகிதத்தைத் தாண்டி நடந்ததைப் பார்த்த இந்தத் தீர்ப்பு, சென்னை வரை எத்தனையோ நில உரிமையாளர்களுக்குக் கைகொடுக்கக்கூடியது.

வீடு வாங்குபவரின் ஒப்பந்தத்தை எழுதுவதும் பெரும்பாலும் பில்டர்தான். குருகிராம் திட்டம் ஒன்றில், வாங்குபவர் தவணை தவறினால் 18 சதவீத வட்டி. பில்டர் பணத்தைத் திருப்பித் தர நேர்ந்தால் 9 சதவீதம். இப்படி ஒருதலைப்பட்சமாக எழுதுவதே நேர்மையற்ற வணிக நடைமுறை என்று 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இதற்கிடையே 2016-ல் இயற்றப்பட்ட ‘ரெரா’ எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2017 மே மாதம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. வாங்குபவர்களிடம் பெறும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து, அந்தத் திட்டத்தின் நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே செலவிட வேண்டும். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. ரெரா வந்துவிட்டதால் நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடிவிடாது என்பதை 2020-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ரெரா ஆணையம் உத்தரவிடும் தொகையை பில்டர் கட்டாவிட்டால், நில வரி நிலுவையைப் போல அதை வசூலிக்கலாம். அந்தப் பொறுப்பு வருவாய்த் துறையிடம் போகிறது.