வசந்தத்துக்குத் தேதி போட்டவர்கள்

18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஒரு வீட்டுத் தோட்டத்தில் எந்தப் பூ எப்போது பூத்தது, எந்தப் பறவை எந்த நாளில் வந்தது என்று இன்றைக்கும் தேதியோடு சொல்ல முடிகிறது. ராஜாக்களின் ஆவணத்தில் இதெல்லாம் இருக்காது. வேறு வேலை இல்லாதவர்கள் என்று ஊர் சொல்லியிருக்கக்கூடிய இரண்டு பேர் எழுதி வைத்ததால்தான் இது கிடைத்தது.

முதல் ஆள் ராபர்ட் மார்ஷம். நார்ஃபோக் பகுதியில் ஸ்ட்ராட்டன் ஸ்ட்ராலெஸ் என்ற ஊரில் நிலபுலன் உள்ளவர், மரப் பைத்தியம். 1736இல் குறிக்க ஆரம்பித்தார். ஸ்நோடிராப் பூத்தது, ஓக் துளிர்த்தது, தவளை கத்தியது, மஞ்சள் பட்டாம்பூச்சி தலைகாட்டியது, தகைவிலான் வந்தது, குயில் கூவியது (நம்ம கருங்குயில் இல்லை, அவர்கள் ஊர் கக்கூ) என்று மொத்தம் 27 அடையாளங்கள். இந்தப் பட்டியல் 1789இல் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியானது.

இரண்டாவது ஆள் கில்பர்ட் ஒயிட். ஹாம்ப்ஷயரின் செல்போர்ன் கிராமத்தில் இருந்த பாதிரியார். 1751இல் தோட்டக் கணக்கு எழுதத் தொடங்கினார். முதலில் எல்லாம் வெள்ளரி, முலாம்பழம், எருப்பாத்தி சமாச்சாரம்தான். டெய்ன்ஸ் பாரிங்டன் என்பவர் கட்டம் போட்டு அச்சிட்ட ஒரு குறிப்பேட்டை வடிவமைத்திருந்தார். வெப்பம், காற்று, மழை, முதலில் துளிர்த்த மரம், முதலில் வந்த பறவை எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம். 1768 முதல் ஒயிட் அதில் எழுதினார். 1793இல் சாகும் மாதம் வரைக்கும் விடவில்லை.

தோட்டத்துக்கு வந்தவர்களை இவர் பார்த்த விதம்தான் விசேஷம். முள்ளெலிகள் அவருடைய புல்பாதையில் பிளாண்டைன் செடியின் வேரைக் கீழிருந்து குடைந்து தின்றுவிட்டு, மேலே இலையைத் தொடாமல் விட்டதை எழுதியிருக்கிறார். (பிளாண்டைன் என்றதும் வாழையை நினைக்க வேண்டாம், அது புல்லோடு முளைக்கும் ஒரு களை.) பார்க்க ஒரே மாதிரி இருக்கும் கதிர்க்குருவிகள் ஒன்றல்ல, மூன்று இனங்கள் என்று 1768இல் குரலை வைத்தே பிரித்துச் சொன்னார். அத்தையிடமிருந்து வந்த டிமோத்தி என்ற ஆமையை 1780 மார்ச்சில் மண்ணுக்குள்ளிருந்து தோண்டி எடுத்து, வண்டியில் 80 மைல் கொண்டுவந்து தோட்டத்தில் விட்டார். அது ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு, சாயங்காலம் குளிர்ந்ததும் மறுபடி மண்ணுக்குள் போய்விட்டது!

இவ்வளவு கவனமாகப் பார்த்த ஆளுக்கு ஒரு கேள்விக்கு மட்டும் கடைசிவரை விடை கிடைக்கவில்லை. குளிர்காலத்தில் தகைவிலான்கள் எங்கே போகின்றன? ஜிப்ரால்டரில் இருந்த அவருடைய தம்பி ஜான், அவை கடலைக் கடந்து போவதைப் பார்த்து எழுதியிருந்தார். ஒயிட்டும் அதை ஏற்றுக்கொண்டார். ஆனாலும் சில பறவைகள் ஊரிலேயே எங்கோ ஒளிந்து தூங்கலாம் என்ற சந்தேகம் போகவில்லை. ஆமை தூங்கும்போது குருவி தூங்கக் கூடாதா? ஆட்களை வைத்துப் புதரைக்கூடத் தேடச் சொன்னார். ஒன்றும் கிடைக்கவில்லை. 1911இல் ஸ்டாஃபர்ட்ஷயரில் கால்வளையம் மாட்டிய ஒரு தகைவிலான், 1912 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் அகப்பட்டது. அப்போதுதான் கைக்குச் சான்று வந்தது. ஒரே தோட்டத்தில் நின்று எவ்வளவு பார்த்தாலும் அந்த விடை கிடைத்திருக்காது.

அப்படியென்றால் நோட்டுப்புத்தகம் வீணா? இல்லை. அவர்கள் கேட்காத கேள்விக்கு அது பதில் வைத்திருந்தது. மார்ஷம் 1797இல் இறந்த பிறகும், நடுவே கொஞ்சம் விடுபட்டாலும், அவர் குடும்பம் தலைமுறை தலைமுறையாக அதே அடையாளங்களைக் குறித்துவந்தது. 1958இல் மேரி மார்ஷமோடு அது நின்றது. மத்திய இங்கிலாந்தின் வெப்பநிலைப் பதிவு 1659 வரை பின்னோக்கிப் போகிறது. 1995இல் ஆய்வாளர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். குளிர் குறைந்த ஆண்டுகளில் துளிரும் பூவும் முந்துகின்றன. எல்லாம் ஒரே அளவு முந்துவதில்லை என்பதுதான் கவலை. இலை முந்தி, இலையைத் தின்னும் புழு முந்தி, புழுவை நம்பி வரும் பறவை பழைய தேதிக்கே வந்தால் குஞ்சுக்கு இரை எங்கே?

இந்தத் தேதிகளை எடுத்தாள்பவர்கள் ஒன்றைக் கவனிக்கணும். இங்கிலாந்து 1752இல் நாட்காட்டியை மாற்றியது. செப்டம்பர் 2க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14. அதனால் 1740 ஏப்ரல் 1 என்று பழைய கணக்கில் எழுதியிருந்தால், இன்றைய கணக்கில் அது ஏப்ரல் 12. இந்த 11 நாளைக் கூட்டாமல் விட்டால், அந்தக் கால வசந்தம் இருந்ததைவிடச் சீக்கிரம் வந்த மாதிரி தெரியும். இன்றைய மாற்றத்தில் பாதி அங்கேயே மறைந்துபோகலாம். இன்னொன்று: 'முதலில் பார்த்தது' என்பது பார்க்கிறவரையும் பொறுத்தது. ஒயிட்டின் குறிப்புகளுக்குப் பின்னால் தாமஸ் ஹோர் என்ற அவருடைய தோட்டக்காரரின் கண்ணும் உண்டு. எஜமான் வெளியூர் போனால் ஹோர்தான் பார்த்துக் குறித்து வைப்பார். புத்தக அட்டையில் அவர் பேர் இல்லை.

ஒயிட்டின் புத்தகமும் அதே 1789இல்தான் வந்தது. அதைப் படித்துவிட்டு 1790இல் மார்ஷம் அவருக்குக் கடிதம் எழுதினார். ஒருவருக்கு எண்பது தாண்டிவிட்டது, இன்னொருவருக்கு எழுபது. மூன்று வருஷம் மரம், குருவி, பனி என்று எழுதிக்கொண்டே இருந்தார்கள். உலகம் சூடாகப் போகிறது என்று இருவருக்கும் தெரியாது. இந்த வருஷம் குயில் எப்போது கூவியது என்பதே அவர்களுக்குப் போதுமான சேதியாக இருந்தது.